பதிவேறாத பத்திரம்

கடிதத்தில் நான்கே வரிகள். வீடு இப்போது எங்கள் கம்பெனிக்குச் சொந்தம். குடியிருப்பவர் முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். தவறினால் வெளியேற்றக் கோரி வழக்குப் போடுவோம். அதை என்னிடம் கொண்டுவந்த அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகியிருந்தது. சிகாகோவின் மேற்குப் பகுதியான நார்த் லான்டேலில், சாம்பல் நிறக் கல் முகப்பு வைத்த பழைய மாடி வீடு அவருடையது. மிசிசிப்பியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பினக் குடும்பம். சிறுமியாக அந்த வீட்டுக்குள் நுழைந்தவர், தாய் தகப்பன் இருவரின் இறுதிச் சடங்கையும் அங்கிருந்துதான் நடத்தினார். வீட்டு வரி ஆண்டு தவறாமல் கட்டப்பட்டிருந்தது. "அப்பா கடைசித் தவணை வரைக்கும் கட்டி முடிச்சிட்டார். வீடு எங்களோடது" என்றார். அதற்கு மேல் அவரிடம் சொல்ல எதுவும் இல்லை.

வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணமின்றி வழக்கு நடத்தும் ஒரு மையத்தில் நான் அப்போது வேலை பார்த்தேன். மதுரையில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராக இருந்தவரைக்கும் சொத்து வழக்கு என்றால் முதல் வேலை வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுதான். இங்கும் அதுதான் முதல் வேலை. பார்க்கும் இடமும் முறையும் வேறு.

அமெரிக்காவில் நிலப் பத்திரங்கள் பெரும்பாலும் கவுண்டி அலுவலகத்தில் பதிவாகின்றன. நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவு கவுண்டி. நாடு முழுவதும் 3,000-க்கும் மேற்பட்டவை உண்டு. சிகாகோ அடங்கிய குக் கவுண்டியில் மட்டும் சுமார் 18 லட்சம் மனைகள். பத்திரம் எழுதிக் கொடுத்தவர் நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டிருக்கிறாரா, மனையின் விவரம் சரியான வடிவில் இருக்கிறதா, வரியும் கட்டணமும் கட்டியாயிற்றா என்று பதிவலுவலகம் பார்க்கும். எழுதிக் கொடுத்தவருக்கு அந்த மனையில் உரிமை இருந்ததா என்ற விசாரணைக்குள் அது போகாது. கொண்டுவந்ததை வாங்கி, எண் போட்டு, உலகம் பார்க்கும்படி வைக்கும். மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1640-இல் இயற்றிய பதிவுச் சட்டத்திலிருந்து தொடரும் மரபு இது.

நமக்கு சர்வே எண்போல இங்கே ஒவ்வொரு மனைக்கும் 14 இலக்க எண் உண்டு. அந்த எண்ணே நிலத்தைக் காட்டிக் கொடுக்கும். முதல் இரண்டு இலக்கம் எந்த டவுன்ஷிப், அடுத்த இரண்டு அதற்குள் எந்தச் செக்ஷன், பிறகு எந்தத் தெருக்கட்டு, எந்த மனை. 1785-ஆம் ஆண்டின் நிலச் சட்டம் இந்த நாட்டின் மேற்கு நிலங்களை ஆறு மைல் சதுர டவுன்ஷிப்களாகவும், ஒவ்வொன்றையும் 640 ஏக்கர் கொண்ட 36 செக்ஷன்களாகவும் வகுத்தது. இன்றைக்கும் சிகாகோவில் விற்கப்படும் ஒவ்வொரு வீட்டின் பத்திரத்திலும் அந்த அளவைக் கணக்கு எழுதப்படுகிறது. தெருப் பெயர் மாறும், கதவு எண் மாறும், இது மாறாது. அதனால் தேடுதலைக் கதவு எண்ணில் தொடங்காமல் மனை விவரத்தில் தொடங்குவதே பழுத்த தேடுநர்களின் வழக்கம்.

கணினியில் கிடைத்தவை 1985-க்குப் பிந்திய ஆவணங்கள். நம் மனைமேல் ஒரே ஒரு பதிவு இருந்தது. குவிட்கிளெய்ம் எனப்படும் பத்திரம். நம்மூர் விடுதலைப் பத்திரத்துக்கு நெருக்கமானது. எழுதிக் கொடுத்தவர் யாரென்றே அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. எழுதி வாங்கியது அந்தக் கம்பெனி. பதிவாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

அதற்கு முந்தியவற்றுக்கு கவுண்டி கட்டடத்தின் அடித்தளத்துக்குப் போக வேண்டியிருந்தது. மனைவாரிப் பேரேடுகள் அங்கே வரிசை வரிசையாக நின்றன. தூக்கவே இரண்டு கை வேண்டும். ஒவ்வொரு மனைக்கும் ஒரு பகுதி. அந்த மனையைத் தொட்ட ஒவ்வொரு ஆவணமும், எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், தேதி, ஆவண எண் என்று எழுத்தர்களின் மைக் கையெழுத்தில் வரி வரியாக இறங்கும். எண்ணைக் குறித்துக்கொண்டு போய் மைக்ரோஃபிலிமில் முழு ஆவணத்தையும் படிக்க வேண்டும்.

நம் மனைக்குரிய பக்கத்தில் ஐம்பதுகளின் பிற்பாதி வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒருவர் வாங்குகிறார், அடமானம் வைக்கிறார், மீட்கிறார், விற்கிறார். கடைசி வரியில் ஒரு வங்கியின் பெயர், அதன் பக்கத்தில் ஒரு டிரஸ்ட் எண். அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு ஒன்றுமே இல்லை. அந்த அம்மாளின் தகப்பனார் பெயர் எங்கும் இல்லை. பதிவேட்டின்படி அந்தக் குடும்பம் அந்த வீட்டில் வாழ்ந்ததே இல்லை.

ஒரு குடும்பம் இப்படி மறைந்துபோன காரணம் அந்த வீட்டைத் தாண்டியது. 1934-இல் தொடங்கிய கூட்டரசின் வீட்டுக்கடன் காப்பீட்டு அமைப்பு, கறுப்பினத்தார் வாழும் பகுதிகளுக்குக் காப்பீடு தர மறுத்தது. காப்பீடு இல்லாததால் வங்கிகள் கடன் தரவில்லை. அந்த இடத்தில் புகுந்தவர்கள் ஊக வியாபாரிகள். வீட்டைக் குறைந்த விலைக்கு வாங்கி, இரண்டு மடங்கு, சிலசமயம் அதற்கும் மேல் விலை வைத்து, கறுப்பினக் குடும்பங்களுக்கு ஒப்பந்த முறையில் தவணைக்கு விற்றார்கள். பத்திரம் கடைசித் தவணை வரை விற்பவரிடமே இருக்கும். ஒரு தவணை தவறினாலும் கட்டியது அத்தனையும் போகும், வீடும் போகும். அதே வீட்டை அடுத்த குடும்பத்துக்கு விற்பார்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சிகாகோவில் கறுப்பினக் குடும்பங்கள் வாங்கிய வீடுகளில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ இந்த முறையில் விற்கப்பட்டவை என்றும், அவர்கள் இழந்த செல்வம் 320 முதல் 400 கோடி டாலர் என்றும் 2019-இல் வெளியான டியூக் பல்கலைக்கழக ஆய்வறிக்கை கணக்கிட்டது. லான்டேல் மக்கள் இதை எதிர்த்து 1968-இல் ஒப்பந்த முறையில் வீடு வாங்கியோர் சங்கம் அமைத்து, தவணையை நிறுத்திவைத்துப் போராடினார்கள். பல ஒப்பந்தங்களின் விலை குறைக்கப்பட்டது. தம் தகப்பனார் அந்தக் கூட்டங்களுக்குப் போய்வந்ததை அந்த அம்மாள் நினைவில் வைத்திருந்தார்.

அந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை. விற்பவரின் பெயரும் வெளியே தெரியாது. இல்லினாய் மாநிலத்தில் வழக்கத்தில் இருந்த லேண்ட் டிரஸ்ட் என்ற ஏற்பாடு அதற்கு உதவியது. சொத்தை ஒரு வங்கியின் பெயரில் எழுதி வைப்பார்கள். பதிவேட்டில் வங்கியின் பெயரும் டிரஸ்ட் எண்ணும்தான் நிற்கும். பலன் பெறுபவர் திரைக்குப் பின்னால் இருந்து எழுத்து மூலம் உத்தரவிட, வங்கி பத்திரம் எழுதிக் கொடுக்கும். தங்களுக்கு வீட்டை விற்றவர் யார் என்பதையே பல குடும்பங்கள் வருடக்கணக்கில் அறியாமல் தவணை கட்டிக்கொண்டிருந்தன.

பேரேட்டின் கடைசி வரியில் இருந்த டிரஸ்ட் எண்ணுக்கு இப்போது பொருள் விளங்கியது. தகப்பனார் கடைசித் தவணை வரை கட்டியது உண்மையானால், அந்த வங்கி அவருக்கு ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பழைய காகிதத்தையும் எடுத்துவரச் சொன்னேன். ஒரு தகரப் பெட்டி வந்தது. தவணை ரசீதுகள் கட்டுக் கட்டாக நூலில் கோக்கப்பட்டிருந்தன. அடியில், காப்பீட்டுத் தாள்களுக்கு நடுவில், வங்கியின் முத்திரையோடும் நோட்டரியின் சான்றோடும் அவர் பெயருக்கு எழுதிய பத்திரம் இருந்தது. எழுபதுகளின் தொடக்கத் தேதி. பதிவெண் இட வேண்டிய மூலை காலியாக இருந்தது.

பத்திரம் கைக்கு வந்துவிட்டால் வீடு தமக்கென்று அந்த மனிதர் நம்பியிருக்கிறார். அது சட்டப்படி சரியான நம்பிக்கை. இங்கே கிரயம் செல்லுபடியாகப் பதிவு தேவையில்லை. எழுதி, கையெழுத்திட்டு, வாங்குபவர் கையில் ஒப்படைத்த நொடியில் உரிமை மாறிவிடும். பதிவு மூன்றாம் மனிதரிடமிருந்து காக்கிறது. முதல் பத்திரம் பதிவாகாமல் இருக்கும்போது, அதைப் பற்றி எதுவும் தெரியாமல், உண்மையான விலை கொடுத்து வேறொருவர் வாங்கி முதலில் பதிவு செய்துவிட்டால், இல்லினாயில் பின்னால் வந்தவரே ஜெயிப்பார். வழக்கறிஞர் துணை இல்லாமல் வீடு வாங்கிய ஒரு தொழிலாளிக்கு இந்த இரண்டாம் பாதியை எடுத்துச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

முதல் வேலையாக அந்தப் பழைய பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுபோனோம். இந்தியாவில் எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு மேல் இன்னொரு நான்கு மாதம் வரை அபராதத்தோடு. இல்லினாயில் அப்படிக் காலக்கெடு இல்லை. நாற்பது வருடத்துக்கு முந்திய பத்திரமும் பதிவாகும். ஆனால் இன்றைய நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். மனை எண், வரி ரசீது அனுப்ப வேண்டிய முகவரி, சொத்து மாற்ற வரிக்கான உறுதிமொழி, நகரத்தின் தண்ணீர் கட்டண நிலுவை இல்லை என்ற சான்று எல்லாம் சேர்ந்தால்தான் முத்திரை விழும். அவற்றைத் திரட்டிச் சேர்த்து, பத்திரம் எழுதப்பட்டு இத்தனை காலம் கழித்து அதற்கு ஓர் எண் வாங்கினோம். அதே வாரத்தில் கம்பெனியின் பத்திரத்தை எதிர்த்து வழக்குத் தாக்கல் செய்து, இந்தச் சொத்தின்மேல் வழக்கு இருக்கிறது என்று உலகுக்கு அறிவிக்கும் லிஸ் பெண்டன்ஸ் அறிவிப்பையும் பதிந்தோம். கம்பெனி அதற்குள் வீட்டை இன்னொருவருக்கு விற்றோ கடன் வாங்கியோ புதிய எதிராளியை உள்ளே இழுத்துவிடக் கூடாது.

கம்பெனி தரப்பு வாதம் லேசானதல்ல. பதிவேட்டை நம்பி வாங்கினோம். அதில் இந்தக் குடும்பத்தின் பெயர் இல்லை. பதிவு செய்யாதவர் அதன் விளைவை ஏற்க வேண்டும் என்றார்கள். பதிவுச் சட்டத்தின் உயிர்நாடியான கொள்கை அது. அதை மறுக்காமலே பதில் சொல்ல வேண்டும்.

முதல் பதில் பத்திரச் சங்கிலியிலேயே இருந்தது. கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தவர், தகப்பனாருக்கு வீட்டை விற்ற பழைய வியாபாரியின் பேரன். அந்த வியாபாரி டிரஸ்டின் பலன் பெறுபவராகத்தான் இருந்தார். லேண்ட் டிரஸ்டில் நிலத்தின் உரிமை முழுவதும் வங்கியிடம். பலன் பெறுபவருக்கு இருப்பது அசையும் சொத்தைப் போன்ற ஓர் உரிமை. அவரே நேரில் வந்து கையெழுத்திட்டாலும் நிலம் மாறாது. பேரன் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? பேரேட்டைக் கவனமாகப் படித்த எவருக்கும், வங்கியிலிருந்து அந்தப் பேரனுக்குப் பாலம் எதுவும் இல்லையென்று தெரிந்திருக்கும்.

இரண்டாம் பதில் வீட்டின் வாசலில் இருந்தது. ஒரு நிலத்தில் ஒருவர் குடியிருப்பதே அவருடைய உரிமை பற்றிய அறிவிப்பு. வாங்குபவர் போய்ப் பார்த்து, எந்த உரிமையில் இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் என்ன தெரிந்திருக்குமோ அது தெரிந்ததாகவே சட்டம் கொள்ளும். நம்முடைய 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு விளக்கமும் இதையே சொல்கிறது. விசாரணையில் கம்பெனியின் மேலாளர், வாங்குவதற்கு முன் யாரும் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை, பட்டியலைப் பார்த்து வாங்கினோம் என்று பிரமாணத்தின்பேரில் ஒப்புக்கொண்டார். போய்க் கதவைத் தட்டியிருந்தால் அந்த அம்மாள்தான் திறந்திருப்பார்.

மூன்றாவது பதிலைக் கம்பெனியே பதிந்து வைத்திருந்தது. இங்கே சொத்து மாறும்போது விலைக்கேற்ப மாற்ற வரி கட்ட வேண்டும். மாநிலத்துக்கு ஒவ்வொரு 500 டாலருக்கும் 50 சென்ட், கவுண்டிக்கு 25 சென்ட், சிகாகோ நகரத்துக்கு அதைவிடப் பல மடங்கு. கம்பெனியின் பத்திரத்தில் வரி முத்திரை இல்லை. வரிவிலக்குக் கோரும் வாசகம் இருந்தது. எந்த விதியின்படி விலக்கு என்று போய்ப் பார்த்தால், உண்மையான விலை 100 டாலருக்குக் குறைவு என்ற விதி. வரியை மிச்சப்படுத்த 100 டாலர்கூடக் கொடுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தவர்கள், உரிமை கேட்டு வந்தபோது விலை கொடுத்து வாங்கியவர்கள் என்ற பாதுகாப்பைக் கோரினார்கள். அந்த ஒரு பக்கத்தைச் சான்றாவணமாகக் குறித்தபோது எதிர்த்தரப்பின் வாதத்தில் பாதி சரிந்தது.

எஞ்சியது எங்கள் பத்திரம் உண்மையானதுதானா என்ற கேள்வி. எழுதியவர்களும் நோட்டரியும் எப்போதோ இறந்துவிட்டார்கள். பழமையான ஆவணம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து, சந்தேகத்துக்கிடமின்றி எடுக்கப்பட்டால் அதை உண்மையென ஏற்கலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் நெடுநாள் விதி. இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 90-ஆம் பிரிவு 30 ஆண்டு என்று வைத்திருந்தது, இல்லினாயில் 20. அதோடு நிற்காமல் வங்கியையும் தேடினேன். அது இன்னொன்றோடு இணைந்து, அந்த இன்னொன்று மற்றொன்றில் கலந்து பெயர் தெரியாமல் போயிருந்தது. ஆனால் டிரஸ்ட் கோப்புகள் கைமாறிக் கைமாறி ஒரு கிடங்கில் பத்திரமாக இருந்தன. எங்கள் டிரஸ்ட் எண்ணுக்குரிய கோப்பில் பலன் பெறுபவர் எழுதிய உத்தரவுக் கடிதம் இருந்தது: கீழ்க்கண்டவருக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கவும். கீழே அந்த அம்மாளின் தகப்பனார் பெயர். பேரனின் தாத்தா கையெழுத்திட்ட கடிதம் அது.

வாதத்தின்போது இந்தக் கவுண்டியின் சொந்தக் கதையையும் எடுத்துச் சொன்னேன். 1871 அக்டோபரில் சிகாகோ எரிந்தபோது, இன்று கவுண்டி கட்டடம் நிற்கும் அதே சதுக்கத்தில் இருந்த நீதிமன்றக் கட்டடமும், அதற்குள் இருந்த நிலப் பதிவேடுகள் அத்தனையும் சாம்பலாயின. யாருக்கு எந்த மனை என்று சொல்ல அரசிடம் ஒரு தாளும் மிஞ்சவில்லை. பத்திரச் சுருக்கங்களைத் தயாரித்துவந்த தனியார் நிறுவனங்கள் நெருப்பிலிருந்து காப்பாற்றிய குறிப்பேடுகளையும், மக்கள் கையிலிருந்த காகிதங்களையும் வைத்து உரிமையை நிலைநாட்ட 1872-இல் தனிச்சட்டம் வந்தது. பதிவேடு போனால் உரிமை போய்விடாது என்று இந்த ஊர் தன் அழிவிலேயே கற்றுக்கொண்டது. அதே நியாயத்தைத்தான் இந்தக் குடும்பத்துக்குக் கேட்டேன்.

சான்சரி பிரிவின் நீதிபதி, கம்பெனியின் பத்திரத்தால் அதற்கு எந்த உரிமையும் கிடைக்கவில்லை என்றும், எழுபதுகளில் எழுதிய பத்திரப்படி உரிமை தகப்பனாருக்கும் அவருக்குப் பின் வாரிசுகளுக்கும் சேர்ந்தது என்றும் தீர்ப்பளித்தார். சான்றளித்த தீர்ப்பு நகலை நானே கொண்டுபோய்ப் பதிந்தேன். இனி அந்த மனையைத் தேடும் எவரும் அதைப் படிக்காமல் தாண்ட முடியாது.

பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். தகப்பனார் உயில் எழுதாமல் இறந்திருந்தார். வீடு இப்போது பிள்ளைகள் எல்லாருக்கும் பங்கு. ஒரு தம்பி மெம்பிஸில், இறந்த அண்ணனின் பிள்ளைகள் டெட்ராய்டில். இதையும் தீர்க்காவிட்டால் இன்னொரு கம்பெனி ஒரு பங்காளியிடம் எதையாவது எழுதி வாங்கிக்கொண்டு வரும். எல்லாரிடமும் பேசினோம். அந்த அம்மாள்தான் வீட்டைக் காத்தவர் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அவரவர் ஊரில் நோட்டரி முன் கையெழுத்திட்டு, தம் பங்கை அவருக்கு விடுதலை செய்து அனுப்பினார்கள். பிறகு அவர் தம் பேத்திக்கு எழுதி வைத்தார். 2012-இல் நடப்புக்கு வந்த ஒரு சட்டப்படி, உயிரோடிருக்கும்வரை வீடு தமக்கே, காலத்துக்குப் பின் இன்னாருக்கு என்று எழுதி வைக்கலாம். அந்த ஆவணம் எழுதியவர் இறப்பதற்குள் பதிவாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. கையெழுத்திட்ட அன்றே பதிந்துவிட வேண்டும் என்று அவரே பிடிவாதமாகச் சொன்னார்.

இந்த வழக்கைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சொல்லக் காரணம் உண்டு. நம்மிடம் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் இருக்கிறது. 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள சொத்தின் கிரயம் பதிவில்லாமல் செல்லாது. ஆனால் வாய்மொழிப் பாகப்பிரிவினை, இறந்தவர் பெயரிலேயே கிடக்கும் பட்டா, வெளியூர் போன பங்காளி ஆகியவை வில்லங்கச் சான்றில் தெரியாது. எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று சார்பதிவாளர் தீர்மானிக்க வேண்டியதில்லை என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பதிவு விதி 55ஏ(i)-ஐ ரத்துசெய்து தெளிவாகச் சொல்லிவிட்டது. குக் கவுண்டியிலும் கும்பகோணத்திலும் பதிவலுவலகம் செய்வது ஒரே வேலைதான். உரிமையைச் சோதிக்கும் பொறுப்பு வாங்குபவருடையது.

எனவே நிலம் வாங்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். வில்லங்கச் சான்றில் இருக்கும் ஒவ்வொரு ஆவணத்தின் நகலையும் எடுத்து முழுதாகப் படியுங்கள். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தால் ஏன் என்று கேளுங்கள். நிலத்துக்கு நேரில் போய், அங்கே இருப்பவர் எந்த உரிமையில் இருக்கிறார் என்று விசாரியுங்கள். சொந்த வீட்டில் இருப்பவர்களானால், தாத்தா பெயரிலோ அப்பா பெயரிலோ நின்றுபோன உரிமையை, அதை விளக்கிச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே வாரிசுகள் பெயருக்குக் கொண்டுவந்து பதிவில் ஏற்றிவிடுங்கள். அந்த லான்டேல் தொழிலாளி கடைசித் தவணை கட்டிய வாரத்தில் பதிவலுவலகத்துக்கு ஒரு நடை போயிருந்தால், அவர் மகள் தம் முதுமையில் நீதிமன்றப் படி ஏறியிருக்க வேண்டாம்.